அக்காவின் குரலில் ஒரு வரி

மூச்சம்மா என்பது டப்பிங் கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். ஓடி வந்த மூச்சு, அழுது ஓய்ந்த மூச்சு, கத்திக்குத்து வாங்கிய மூச்சு, எது வேண்டுமென்றாலும் கேட்ட மாத்திரத்தில் கொடுப்பாள். கட்டில் மூச்சுக்கு அவளை விட்டால் ஆளில்லை என்று ஒரு காலத்தில் பேர். அதை மட்டும் சவுண்டுக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வார்கள், ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி. பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை. வளையலையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, மைக்கில் வயிறு கத்திவிடக் கூடாதே என்று இரண்டு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, செருப்பில்லாமல் ஒருத்தி தனியாக நிற்பாள். திரையில் இரண்டு பேர் கட்டிப் புரண்டுகொண்டிருப்பார்கள். முத்தச் சத்தம் வேண்டியிருந்தால் இவள் தன் புறங்கையில் தானே முத்தம் கொடுத்துக்கொள்வாள். உலகத்திலேயே அதிகம் முத்தம் வாங்கிய கை இதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு என்னவோ சிரிப்புதான், ஆனால் அந்த வாயும் அந்தக் கையும் ஒரே ஆளுடையவை என்பதை அப்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இப்போது வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. குரலுக்கு மட்டும் வயதாகவில்லை. குழந்தைகள் தொடர் ஒன்றில் மூன்று வருஷமாக முயலாக இருந்தாள். ஒரு வங்கியின் தொலைபேசியில் ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்’ என்பதும் அவள்தான். ஒரு தடவை ஏ.டி.எம். இயந்திரம் அவள் அட்டையை விழுங்கிவிட, அதே எண்ணுக்குக் கூப்பிட்டாள். அவள் குரலே அவளைக் காத்திருக்கச் சொன்னது. அன்றைக்குப் பூராவும் அவளோடு பேசிய ஒரே குரல் அதுதான். கணவர் என்று ஒருவர் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆறேழு வருஷம் கூட இருந்துவிட்டு, வீட்டில் தன்னோடு பேசுவது மனைவியா வேறு யாராவதா என்றே தெரியவில்லை என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிள்ளை இல்லை. இருப்பது ஓர் அக்கா. அந்த அக்கா அவளோடு பேசி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அந்த நிலைமையில்தான் சின்ன வயதுப் பெண் இயக்குநர் ஒருத்தி அவளைத் தேடி வந்தாள். பழைய படம் ஒன்றைத் திரும்ப எடுக்கிறார்களாம்.

எந்தப் படம் என்று சொன்னதுமே மூச்சம்மாவுக்குக் காது சூடாகிவிட்டது. குடிக்கு அடிமையான ஒரு பெண்ணின் கதை. மாடி அறையில் குடியிருப்பாள். ஆண்கள் வருவார்கள், போவார்கள், பாட்டில் மட்டும் போகாது. பெரியவர்களுக்கு மட்டும் என்று சுவரொட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, வெளியே வந்து ஊர் கெட்டுவிட்டது என்று பேசினார்கள்.

“இது அந்த மாதிரிப் படம் இல்லைம்மா,” என்றாள் இயக்குநர்ப் பெண். “போதைக்கு அடிமையாகறதப் பத்தின படம்.”

“அதையும் அப்படிச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டாங்க,” என்றாள் மூச்சம்மா.

இயக்குநர்ப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல பெண். இப்போதெல்லாம் கட்டில் காட்சி எடுப்பதற்கு முன்னால் யார் கை எங்கே படலாம், எங்கே படக் கூடாது என்று நடிப்பவர்களிடம் கேட்டு முடிவு செய்வதற்கென்றே தனியாக ஒருவர் இருக்கிறாராம். அந்தக் காலத்தில் இருந்தது ஒரு போர்வையும் ஒரு மின்விசிறியும்தான், யாரையும் எதுவும் கேட்கும் வழக்கமும் கிடையாது. புதிய படத்தில் நடிக்கிற பெண் தன் சொந்தக் குரலிலேயே பேசிவிட்டாள். ஒரே ஒரு வரிக்குத்தான் மூச்சம்மா வேண்டும். படம் தொடங்கும்போது திரை இருட்டாக இருக்கும். படமில்லை, இசையில்லை. அந்த இருட்டில் பழைய படத்தின் அந்த வரி, அதே குரலில் வர வேண்டும். பழைய பிரதியில் ஒலி கரகரவென்று கெட்டுப்போயிருப்பதால் புதிதாகப் பேசித் தர வேண்டும்.

“எந்த வரின்னு சொல்ல வேண்டியதில்லையே,” என்றாள் இயக்குநர்ப் பெண்.

சொல்ல வேண்டியதில்லைதான். ‘நான் தூங்குற வரைக்கும் இரு. அப்புறம் போயிடு.’ கட்டிலில் கிடந்தபடி கதாநாயகி, சட்டையைப் போட்டுக்கொள்கிற ஆளைப் பார்த்துச் சொல்வது. கொஞ்சம் குழறலாக, பாதியில் ஒரு மூச்சு உடைய. அந்த உடைசலில்தான் படம் ஓடியது. பேருந்து நிறுத்தத்தில் பொடிப்பயல்கள் பெண்களைப் பார்த்து அதைச் சொல்லிக் காட்டினார்கள். பெரிய மனிதர்கள் மதுக் கடையில் சொல்லிச் சிரித்தார்கள். ஊரே கிறங்கிப்போன வரி.

“நாளைக்கு ஒருநாள் டைம் குடும்மா,” என்றாள் மூச்சம்மா. “அந்த வரி என்னோடது இல்லை. உடையவங்களைக் கேக்கணும்.”

எழுத்தாளரைக் கேட்கப் போகிறாள் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள்.

எழுத்தாளர் எழுதியிருந்தது வேறு. ‘என் தாகம் இன்னும் தீரவில்லை அன்பே’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதைத் தானே நான்கு தடவை படித்துக் காட்டி ரசித்தும்விட்டார். திரையில் நடித்தவளுக்கு மொழி தெரியாது. கேமரா முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த உதட்டுக்கு எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். தாகமும் அன்பும் மட்டும் எத்தனை தடவை பேசிப் பார்த்தும் ஒட்டவில்லை. தாகமெடுத்தவள் பேசுகிற பேச்சா அது? கூடத்தில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது மூச்சம்மா கண்ணை மூடி, தன் காதில் இருந்ததை எடுத்து விட்டாள்.

அது அக்காவின் வரி.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு ஒரே அறையில் இரண்டு பேரும் இருந்தார்கள். அக்கா ஏழு வயது மூத்தவள். துணி ஆலையில் தையல் பிரிவில் வேலை பார்த்துத் தங்கையைப் படிக்க வைத்தாள். அக்கா குடிக்க ஆரம்பித்தது எப்போது என்று தங்கைக்குத் தெரியாது. தெரியவந்தது எப்போது என்பதுதான் தெரியும். யாரும் சொல்லாமலே அவ்வப்போது அக்கா நிறுத்துவாள். நிறுத்தினால் கை ஆடும், வியர்த்துக் கொட்டும், சுவரில் ஏதோ ஊர்கிறது என்பாள். அப்படி நிறுத்தியிருந்த ஒரு மத்தியானத்தில்தான் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னாள். இரண்டு மணிக்கு டப்பிங் இருந்தது. தங்கை போய், அதைப் பேசி, கூடமே ஒரு நிமிஷம் பேச்சு மூச்சில்லாமல் நின்றதைப் பார்த்தாள். அன்றோடு அவள் வாழ்க்கை நிமிர்ந்துவிட்டது.

படம் வந்து மூன்றாவது வாரம் அக்கா பேச்சை நிறுத்திவிட்டு வேறு இடத்துக்குக் குடிபோனாள். சண்டை இல்லை, வசவு இல்லை. எழவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பார்த்தால் எதிரே யாருமில்லாதது போல நடந்து போனாள். திருடியதைக் கண்டுபிடித்துவிட்டாள், அதனால்தான் என்று மூச்சம்மா எண்ணிக்கொண்டாள். ஆலையில் அக்காவின் முகத்துக்கு நேராகவே யாராவது அந்த வரியைச் சொல்லியிருப்பார்கள். அந்தரங்கமாகக் கேட்டதைக் கொண்டுபோய்க் கடைத்தெருவில் விரித்துவிட்டோமே என்ற குற்றவுணர்ச்சி அவளை விட்டுப் போகவேயில்லை. எத்தனையோ தடவை அக்கா கடை இருக்கும் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள். வெறுங்கையோடு போய் என்னவென்று கதவைத் தட்டுவது? இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வரி ஒரு சாக்கு. அவளுக்கு வேண்டியது அக்காதான். ‘அன்றைக்குக் கேட்காமல் எடுத்தேன், இன்றைக்குக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்’ என்று சொன்னால், எப்பேர்ப்பட்ட கல் மனசும் இளகாதா? வழி நெடுக அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்பது உட்பட.

அக்காவின் கடை ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடுகிற அகலம். பழைய துணியைச் சரிசெய்து தருகிற கடை. ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது. புதுத்துணி தைப்பதில்லை என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. அக்கா ஒரு கால்சட்டையை மடியில் போட்டுக்கொண்டு பழைய ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துப்போய் ஒட்ட வெட்டியிருந்தாள். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள்.

“அந்த ஸ்டூல்ல உக்காராதே, கால் ஆடும். இதுல உக்காரு,” என்றாள்.

முப்பது வருஷம் கழித்து அக்கா பேசிய முதல் பேச்சு அது. மூச்சம்மா காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள். கேட்கும்போது குரல் தானாகவே தழுதழுத்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த தழுதழுப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

“நல்லா இருக்கியாக்கா?”

“இருக்கேன். குடிச்சு இருபத்தாறு வருஷம் ஆகுது. அதைத்தானே கேக்க வந்தே?”

“இல்லைக்கா.” ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போய்விட்டது. தட்டுத்தடுமாறித்தான் சொன்னாள். பழைய படத்தைத் திரும்ப எடுக்கிறார்கள். அந்த வரியைத் திரும்பப் பேசக் கேட்கிறார்கள். அன்றைக்கு உன்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். அது தப்பு. ஊர் பூராவும் உன் பேச்சைச் சொல்லிச் சிரிக்கும்படி ஆக்கிவிட்டேன். நீ கூடாது என்றால் நாளைக்குப் போக மாட்டேன். “நீ என்ன சொன்னாலும் சரிக்கா.”

அக்கா பிரித்த நூலைத் தட்டிவிட்டாள். மேஜை மேல் கைபேசி மல்லாந்து கிடந்தது. பேச்சுக்கு நடுவே அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“அந்தப் படத்தை நான் பார்த்தேன்,” என்றாள். “நீதான் பேசியிருக்கேன்னு ஆலையில சொன்னாங்க. பெருமையாத்தான் போனேன். என் காசுல படிச்ச பொண்ணு பாரு.”

“அக்கா…”

“இரு, சொல்றேன். அந்த இடம் வந்துச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்படியே நான். அந்த மூச்சு உடையறது கூட விடலை. ‘அப்புறம்’ங்கறதுக்கு முன்னாடி நான் எச்சில் முழுங்கினேன், அதுவும் அதுல இருந்துச்சு. வீட்டுல நீ என் பக்கமே திரும்பாம பையில எதையோ தேடிக்கிட்டிருந்தே. நான் சொன்னது உன் காதுலயே விழலை போலன்னுதான் அதுவரைக்கும் நெனச்சிருந்தேன். விழாததாலதான் போயிட்டா, அவ என்ன பண்ணுவா, அவளுக்கு வேலை இருந்துச்சு. அப்படிச் சொல்லித்தான் மனசைத் தேத்தி வச்சிருந்தேன்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

“படத்தைப் பார்த்ததும்தான் தெரிஞ்சுது. எச்சில் முழுங்கினது வரைக்கும் கேட்டிருக்கே. கேட்டுட்டு எழுந்து போயிருக்கே.”

வெளியே யாரோ வண்டியை நிறுத்தி, இன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். நாளைக்கு என்று அக்கா சொன்னாள். மறுபடியும் ஜிப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள். கை கொஞ்சம்கூட ஆடவில்லை.

முதல் தடவை அந்த வரியைப் பேசிவிட்டு அன்று சாயங்காலம் மூச்சம்மா வீடு திரும்பியபோது அறை பூட்டிக் கிடந்தது. பக்கத்து அறைக்காரர் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். குளியலறையில் விழுந்து, தலையில் அடிபட்டு, யாராவது வருகிற வரைக்கும் ஈரத்திலேயே கிடந்திருக்கிறாள். இதை மூச்சம்மா மறந்துவிடவில்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். குரலைத் திருடினோம் என்று இத்தனை வருஷம் அழுதாளே, அந்த அழுகை எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது. குரல் களவுபோனதில் அக்காவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. விட்டுவிட்டுப் போனதுதான் வருத்தம். அதற்கு மன்னிப்புக் கேட்க அவள் ஒரு வார்த்தைகூட ஒத்திகை பார்த்துக்கொண்டு வரவில்லை.

“மன்னிச்சிடுக்கா,” என்றாள் கடைசியில். அவள் வாயிலிருந்து வந்ததிலேயே மட்டமான உச்சரிப்பு அது. பாதி வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது.

“மன்னிச்சு ரொம்ப வருஷமாச்சு. குடியை விடணும்னா அதையெல்லாம் முதல்ல விட்டாகணும், குடியை விட்டவங்க கூடுற எங்க கூட்டத்துல சொல்லித் தருவாங்க.” அக்கா புது ஜிப்பை எடுத்து வைத்து அளவு பார்த்தாள். “அந்த வரியை நீயே வச்சுக்கோ. பேசு, பேசாமப் போ. எனக்கு அது தேவையில்லை.”

“நான் அடிக்கடி வரட்டுமாக்கா? சும்மா. இங்க வந்து உக்காந்துட்டுப் போறேன்.”

அக்கா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கைபேசி அடித்தது. ஒரு தடவை முழுதாக அடிக்க விடாமல் எடுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அழுவது எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கும் கேட்டது. அந்தக் கூட்டத்துக்கு வருகிற, குடியை விட்டு ஒரு வாரம்கூட ஆகாத யாரோ ஒருத்தி என்று அழுகைக்கு நடுவே வந்த பேச்சிலிருந்து தெரிந்தது.

“எங்கம்மா இருக்கே? வீட்டுலயா? சரி. பாட்டில் கையில இருக்கா? கீழ வை. ஊத்த வேண்டாம், கொட்ட வேண்டாம், சும்மா கீழ வை. இப்ப போய்க் கதவைத் தெறந்து வை. வந்துட்டே இருக்கேன்.” அக்காவின் குரல் மாறவே இல்லை. ஜிப்புக்கு விலை சொல்கிற அதே குரல். அதில்தான் அவ்வளவு பலம் இருந்தது. “போனை வைக்காதே. நீ பேச வேண்டாம், நான் பேசிட்டே வர்றேன்.”

எழுந்து செருப்பை மாட்டினாள். கால்சட்டையை ஒரு பக்கம் போட்டாள். கடை ஷட்டரை இழுக்கக் கையை உயர்த்தியவள், உள்ளே தங்கை இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மூச்சம்மா அவசரமாக எழுந்து வெளியே வந்தாள்.

“நானும் கூட வர்றேன்க்கா. ஏதாவது எடுத்துக் கொடுக்க, தண்ணி கொடுக்க… சும்மா உக்காந்திருக்கேன்.”

அக்கா கைபேசியை மார்போடு அழுத்தி மூடிக்கொண்டாள். கோபமாகப் பார்க்கவில்லை. எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்று துணியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“வேண்டாம்,” என்றாள். “அவ இன்னைக்கு என்னென்னமோ பேசுவா. உனக்குக் காது ரொம்ப நல்ல காது.”

ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, தெருவில் அப்போது எதிர்ப்பட்ட ஒவ்வொன்றையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தாள். மருந்துக் கடையைத் தாண்டிட்டேன், இப்ப சிக்னல், சிவப்பு விழுந்திருக்கு, நிக்கிறேன். அறுபத்தாறு வயதில் அவ்வளவு வேகமாக நடந்தாள். மூச்சம்மா அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படி ஒருத்தி அன்றைக்கு அக்காவுக்கு இருந்திருந்தால் என்று நினைத்தாள். அந்த ஒருத்தி யாராக இருந்திருக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இயக்குநர்ப் பெண்ணிடம் வேண்டாமென்று சொல்லிவிடுவது என்று முடிவுகட்டினாள். அந்த வரியை இனிமேல் வாயால் தொடுவதில்லை. வேறு யாராவது பேசட்டும், பேசாமல் இருட்டாகவே விடட்டும். முடிவு செய்ததும் மனசு கொஞ்சம் லேசானது. அந்த ஒன்றையாவது அக்காவுக்காகச் செய்யலாம் இல்லையா?

இரண்டு நிறுத்தம் போயிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பதைக் கவனித்தாள். அப்போதுதான் தன் உதடு அசைந்துகொண்டிருப்பது தெரிந்தது. கதவைத் தெறந்து வை. வந்துட்டே இருக்கேன். ‘வை’யில் குரல் இறங்குகிறது. அங்கே மூச்சு வாங்குவதில்லை. மூச்சு வாங்காமல் அடுத்ததற்குப் போவதால்தான் கேட்கிறவளுக்கு ஆள் ஏற்கெனவே வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. இத்தனையும் அவள் காது எடுத்து வைத்துவிட்டிருந்தது. எப்போது எடுத்தது? அக்கா செருப்பை மாட்டும்போதே எடுத்திருக்கும். அந்தப் பெண் அழுததையும் எடுத்திருந்தது. கூடவே அக்கா மார்போடு கைபேசியை அழுத்தினாளே, அந்தத் துணிச் சத்தத்தையும்.

உதட்டை இறுக மூடிக்கொண்டாள். மூடிய உதட்டுக்கு உள்ளே நாக்கு பேசிக்கொண்டுதான் இருந்தது. விட முடியாத ஒன்று தனக்கும் இருக்கிறது என்று அவளுக்கு அந்த இருக்கையில் வைத்துத் தெரிந்தது. அக்கா இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாலேயே விட்டுவிட்டாள். இவள் தொட்டதைக்கூட ஒத்துக்கொண்டதில்லை.

கைபேசி அடித்தது. இயக்குநர்ப் பெண்.

“அம்மா, கேட்டீங்களா? உடையவங்க என்ன சொன்னாங்க?”

“வச்சுக்கச் சொன்னாங்க.”

“ஐயோ, ரொம்ப நல்லது. அப்போ நாளைக்குக் காலையில பத்து மணி? வருவீங்கல்ல?”

வேண்டாம் என்பது தயாராக இருந்தது. இரண்டு நிறுத்தமாக எடுத்து வைத்திருந்த வார்த்தை. மூச்சம்மா வாயைத் திறந்தாள்.

“வந்துட்டே இருக்கேன்,” என்றாள்.

இயக்குநர்ப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அம்மா… நீங்கதானா பேசறது?”

“நான்தான்,” என்றாள் மூச்சம்மா, அக்காவின் குரலில்.